பெண் மான் போகும் வழி

மான்கள் இணை சேரும் பருவம் என்றாலே இரண்டு ஆண் மான்கள் கொம்போடு கொம்பு பின்னி, மண் பறக்க முட்டிக்கொள்வதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். தொலைக்காட்சி பழக்கிய பழக்கம். அமெரிக்காவின் வடகிழக்கில், கொல்லைப்புறம் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிற ஒரு வீட்டிலிருந்து வருஷா வருஷம் இதைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படிச் சண்டை கண்ணில் படுவது அபூர்வம். அதற்காகவே காத்திருந்தால் நவம்பர் முழுக்க ஏமாற்றம்தான். கொம்பு நம் கண்ணை இழுத்துவிடுகிறது, அதுதான் சிக்கல். அந்த மாதத்தில் கொல்லையில் நடக்கிற எல்லாவற்றையும் நடத்துவது பெண் மான். அது எங்கே மேய்கிறது, எப்போது தலையைத் தூக்கித் திரும்பிப் பார்க்கிறது, வாலை எப்படி வைத்திருக்கிறது என்று கவனிக்கப் பழகிவிட்டால், ஆண் மான் எந்தப் பக்கமிருந்து வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நான் சொல்வது வெள்ளைவால் மானைப் பற்றி. மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கி, அடிப்பக்கத்து வெள்ளையைக் காட்டிக்கொண்டு ஓடுமே, அதுதான். இந்தப் பக்கத்துப் புறநகர்களில் வேறு மான் கிடையாது.

குளிர் விழுந்தால்தான் மான்களுக்கு ஆசை கிளம்பும் என்று இங்கே நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பகல் குறைவதுதான் காரணம். இரவு நீள நீள மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமும் நீள்கிறது. அதைத் தொடர்ந்து ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறுகிறது, பெண்ணும் பருவத்துக்குத் தயாராகிறது. சூரியக் கணக்கு வருஷத்துக்கு வருஷம் மாறாது என்பதால் வட மாநிலங்களில் உச்சக்கட்டம் எப்போதும் நவம்பர் நடுவாக்கில்தான். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது கொஞ்சம் சங்கடமான கதை. சாலையில் அடிபட்டுச் செத்த பெண் மான்களின் வயிற்றிலிருக்கும் கருவை அளந்து, எத்தனை நாள் கரு என்று பார்த்து, பின்னோக்கி எண்ணுகிறார்கள். நிலாவைப் பார்த்து நாள் குறிக்கிற வேட்டைக்காரர்கள் இன்னும் உண்டு. அந்த அளவுகள் அவர்களுக்கு ஆதரவாக இல்லை.

இவ்வளவு கறாரான தேதிக்குக் காரணம் குட்டி. சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள். நவம்பர் நடுவில் சினை பிடித்தால் ஜூன் தொடக்கத்தில் குட்டி போடும். அதற்கு முன்னால் போட்டால் குளிர், பசும் தழையும் போதாது. பிந்திப் போட்டால் அடுத்த பனிக்குள் குட்டி உடம்பு தேறாது. கடுங்குளிர் இல்லாத தெற்கு ஃபுளோரிடாவில் இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே ஜூலை, ஆகஸ்டிலேயே மான்கள் இணை சேர்ந்துவிடுகின்றன.

நவம்பரில் வெயில் அடித்தால் மட்டும் ஒரு வித்தியாசம் தெரியும். கோடையின் செம்பழுப்பு ரோமம் உதிர்ந்து, உள்ளே காற்றுப் புழையுள்ள சாம்பல் நிறக் குளிர்கால ரோமம் அதற்குள் வந்திருக்கும். அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் யார் ஓடுவார்கள்? ஓட்டம் இரவுக்குப் போய்விடும். நாம் பார்ப்பது குறையுமே தவிர, காரியம் நின்றுவிடாது.

அறிகுறிகள் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். கோடை முழுக்க ரத்தம் ஓடும் மெல்லிய தோலுக்குள் வளர்ந்த கொம்பு, உள்ளே எலும்பாக இறுகிவிட்டபின் அந்தத் தோல் காய்ந்து நார் நாராகத் தொங்கும். பெரும்பாலும் ஒரே நாளில் உரித்துப் போட்டுவிடுகிறது. சில மான்கள் உரித்த தோலைத் தின்றுவிடுவதும் உண்டு. அப்புறம் சின்ன மரங்களுக்குக் கஷ்டகாலம். கட்டைவிரல் பருமனுள்ள கன்றில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும். தோட்டத்தில் ஆசையாக வைத்த மரக்கன்றைச் சுற்றிக் கம்பிவலை போடாதவர்களுக்கு அக்டோபரில் புத்தி வரும். தேய்ப்பது கொம்பைத் தீட்டுவதற்காக மட்டும் இல்லை. நெற்றித் தோலில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. உரித்த வெள்ளை மரத்தில் நெற்றியை அழுத்தித் தேய்த்துவிட்டுப் போகிறது. அடுத்து வருகிற மான் முகர்ந்து பார்த்து, யார் வந்து போனது என்று தெரிந்துகொள்ளும்.

அதைவிடச் சுவாரசியம் தரையில் பறிக்கும் குழி. எங்கள் கொல்லையோரம் ஓர் ஓக் மரத்தின் தாழ்ந்த கிளைக்கு அடியில் வருஷம் தவறாமல் ஒன்று முளைக்கிறது. பறித்தவன் மாறலாம், இடம் மாறுவதில்லை. ஆண் மான் அங்கே வந்ததும் நேராகக் காலை வைத்துப் பறிக்க ஆரம்பிப்பதில்லை. முதலில் தலைக்கு மேலே தொங்கும் குச்சியை முகர்கிறது. நுனியை வாயில் வைத்து மெல்ல மெல்கிறது, நக்குகிறது, பிறகு கண்ணோரத்துச் சுரப்பி அதில் படும்படி முகத்தை இழுத்து இழுத்துத் தேய்க்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல். அதற்குப் பிறகுதான் முன்னங்கால். நாலைந்து இழுப்பில் சருகெல்லாம் பின்னால் பறந்து, ஒரு முறம் அளவுக்குக் கறுப்பு மண் தெரியும். கடைசியில் பின்னங்கால் முட்டிகள் இரண்டையும் சேர்த்து ஒடுக்கிக்கொண்டு, அந்த முட்டியின் உட்பக்கத்து மயிர்க்கற்றை வழியாக வழியும்படி சிறுநீர் விடுகிறது. நவம்பர் ஆக ஆக அந்த மயிர்க்கற்றை கரிபிடித்த மாதிரி கறுத்துவிடும். வீச்சமும் லேசுப்பட்டதல்ல, காற்று நம் பக்கம் இருந்தால் கொஞ்ச தூரத்திலேயே மூக்கில் ஏறும்.

இதே குழிக்குப் பெண் மான்களும் வருகின்றன, அதே குச்சியை முகர்ந்துவிட்டுப் போகின்றன. ஆண் மான்கள் குழியைப் பெரும்பாலும் இரவில்தான் பறிக்கின்றன என்பது ஒரு தானியங்கிக் கேமராவைக் கட்டிவைத்தால் புரிந்துவிடும். கேமரா வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை: குழியைப் பார்த்து வைக்காதீர்கள், குச்சியைப் பார்த்து வையுங்கள். குழியை ஒதுக்கிவிட்டுப் போகிற மான்கூடக் குச்சியிடம் ஒரு நிமிஷம் நிற்கும்.

சண்டை ஏன் அபூர்வம் என்று சொல்கிறேன். ஒரே வட்டாரத்து ஆண் மான்கள் கோடையில் ஒன்றாகத் திரிந்தவைதான். யார் பெரியவன் என்று அப்போதே தெரியும். ஆகவே நவம்பரில் இரண்டு சந்தித்தால் பெரிது காதைப் பின்னுக்குச் சாய்த்து, முதுகு மயிரைச் சிலிர்த்து, பக்கவாட்டில் விறைத்து விறைத்து நாலடி நடக்கும். கழுத்து அதற்குள் தலையைவிடப் பருத்திருக்கும். சின்னது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஏதோ புல்லில் முக்கியமான வேலை இருப்பது போல் நழுவிவிடும். ஏறக்குறைய ஒரே தரத்தில் இரண்டு இருந்து, எதுவும் விட்டுக்கொடுக்காவிட்டால்தான் முட்டல். அதிலும் பெரும்பாலானவை சில நொடிகள். கொம்பு சிக்கிக்கொண்டு இரண்டுமே செத்துப்போவதும் எப்போதாவது நடக்கிறது.

சரி, பெண் மானுக்கு வருவோம். ஒரு பெண் மான் பருவத்தில் இருப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். வருஷத்துக்கு அவ்வளவுதான், தவறினால் ஏறத்தாழ 28 நாள் கழித்து இன்னொரு வாய்ப்பு. ஆண் மானின் மொத்த அலைச்சலும் அந்த ஒரு நாளை மோப்பம் பிடிப்பதற்குத்தான். தரையில் மூக்கை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பன்றி உறுமுவது போல் 'உர்ர்க், உர்ர்க்' என்று சொல்லிக்கொண்டே போகும். பெண் மான் சிறுநீர் கழித்த இடத்தில் நின்று, தலையை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டி, இளிப்பது போல் அப்படியே நிற்கும். ஆட்டுக்கிடாயைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வாயின் மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பு அந்த வாசனையைப் படிக்கிறது. இன்னும் பருவம் வரவில்லை என்று தெரிந்தால் அடுத்த பெண்ணைத் தேடி நடையைக் கட்டும்.

இந்தத் தேடல் நாட்களில்தான் கொல்லை களைகட்டும். மேய்ந்துகொண்டிருக்கும் பெண் மான் திடீரென்று மெல்லுவதை நிறுத்தி, காட்டின் ஒரு குறிப்பிட்ட மூலையை உற்றுப் பார்க்கும். நமக்கு ஒன்றும் தெரியாது. காது இரண்டும் அந்தப் பக்கம் திரும்பும். முன்னங்காலால் தரையை ஒரு தட்டு. அதற்குப் பிறகு அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருங்கள். வரப்போகிறவன் அங்கிருந்துதான் வருவான். அவன் தலையைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டிக்கொண்டு வந்ததும் அவள் ஓடுவாள். நேராகக் காட்டுக்குள் ஓடி மறைவதில்லை, அதுதான் வேடிக்கை. வேலியோரமாக ஒரு சுற்று, புதருக்குள் புகுந்து வெளியே வந்து இன்னொரு சுற்று. அந்தச் சத்தத்துக்கு எங்கிருந்தோ இன்னும் இரண்டு ஆண் மான்கள் வந்து சேரும். ஈட்டி போல் கிளையில்லாத கொம்புள்ள ஒரு வயசுப் பையன்கள்கூட ஓரமாக நின்று வாய்ப்புப் பார்ப்பார்கள். அவள் ஓடி ஓடி ஊரையே கூட்டிவிடுகிறாள் என்று எனக்குத் தோன்றும். வேண்டுமென்றே செய்கிறாளா என்பது வேறு விஷயம். ஆனால் ஓட்டம் முடியும்போது அவள் பின்னால் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் இருப்பதில் பலசாலிதான்.

பெரும்பாலும் என்றேன். இரட்டைக் குட்டிகளின் மரபணுவைச் சோதித்துப் பார்த்ததில் இரண்டுக்கும் வேறு வேறு தகப்பன் இருந்த ஈற்றுகள் கணிசமாகக் கிடைத்திருக்கின்றன. பலசாலி அசந்த நேரத்தில் ஓரமாக நின்ற பையன் வேலையைக் காட்டியிருக்கிறான்.

பருவம் வந்துவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து ஏதாவது புதர் மறைவில், ஆள் நடமாட்டமில்லாத ஓரத்தில், ஒரு நாளோ இரண்டு நாளோ கழிக்கும். அவள் எழுந்தால் அவன் எழுவான், அவள் படுத்தால் அவன் பக்கத்தில் நிற்பான், வேறு யாரும் நெருங்காமல் பார்த்துக்கொள்வான். சாப்பாடு மறந்துபோகும், பருவம் முடிவதற்குள் உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும் ஆண் மான்கள் உண்டு. பல பெண் மான்கள் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரும் நவம்பர் நடுவில், கொல்லை திடீரென்று காலியாகிவிட்டது போல இருப்பது இதனால்தான். மான் எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது: போகவில்லை, ஜோடி ஜோடியாக ஒதுங்கியிருக்கின்றன.

அந்த நாட்களில் என் கண் குட்டிகள் மேல்தான். ஜூனில் பிறந்தவை, ஐந்து மாத வயசாகி, புள்ளியும் மறைந்திருக்கும். அதுவரை தாய் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தவற்றை, வருகிற ஆண் மான் விரட்டிவிடும். தாயும் கண்டுகொள்ளாது. ஒரு குட்டி தனியாகக் கொல்லைக்கு வந்து, இரண்டு வாய் மேய்ந்து, நிமிர்ந்து நாலாபக்கமும் பார்த்து, மறுபடி மேய்கிறது என்றால், தாய்க்கு நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். பரிதாபப்பட்டு எதுவும் செய்ய வேண்டாம். சில நாளில் தாய் திரும்பி வந்து, நடுவில் ஒன்றுமே நடக்காதது போல் சேர்ந்து மேய ஆரம்பித்துவிடும்.

இத்தனை காதலுக்கும் கீழே தரையில் வேறொரு ஓட்டம் நடந்துகொண்டிருக்கும். ஓக் கொட்டை விழும் காலம் அது. இங்கே ஓக் மரங்களில் வெள்ளை ஓக், செவ்வோக் என்று இரண்டு குலம். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மான்களுக்கு அதுதான் பிடிக்கும். அது தீர்ந்த பிறகுதான் மற்றதற்கு வரும். வெள்ளை ஓக் கொட்டை விழுந்த சில வாரத்திலேயே வேர்விட்டுவிடும், செவ்வோக் கொட்டை வசந்தம்வரை தூங்கும். இந்த வித்தியாசம் சாம்பல் அணிலுக்குத் தெரியும். செவ்வோக் கொட்டை கிடைத்தால் அப்படியே புதைக்கும். வெள்ளை ஓக் கொட்டை என்றால் உட்கார்ந்து, கையில் உருட்டிப் பார்த்து, கூர்முனைப் பக்கமாகக் கடித்து, உள்ளிருக்கும் முளையைக் கிள்ளித் துப்பிவிட்டுப் புதைக்கும். இனி அது முளைக்காது, கெட்டுப்போகாமல் கிடக்கும். வேறு அணில் பார்த்துக்கொண்டிருந்தால் வெறும் கையால் குழி தோண்டி, புதைப்பது போல் பாவனை செய்து, மண்ணைத் தட்டிவிட்டு, கொட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு வேறிடம் போவதும் உண்டு.

ப்ளூ ஜே பறவைகள் தொண்டைப் பையிலும் அலகிலுமாக ஒரே நடையில் ஐந்து கொட்டைவரை தூக்கிக்கொண்டு போகும். பனியுகம் முடிந்தபின் ஓக் மரங்கள் அத்தனை வேகமாக வடக்கே பரவியதற்கு இவைதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வான்கோழிக் கூட்டம் வந்தால் கொட்டையை முழுசாக விழுங்கிவிடும், வயிற்றுக்குள் இரைப்பை அரைத்துக்கொள்ளும். மானும் வான்கோழியும் ஒரே மரத்தடியில் மேய்வதைப் பார்க்கலாம். ஒன்றையொன்று சட்டை செய்வதில்லை. ஆனால் துரத்திக்கொண்டு வரும் ஆண் மான் கூட்டத்தின் நடுவே புகுந்துவிட்டால் வான்கோழிகள் போடும் கூச்சல் தெருவுக்கே கேட்கும். இருட்டிய பிறகு கொம்பன் ஆந்தைகள் ஜோடியாகக் கூப்பிட ஆரம்பிக்கும். அவற்றுக்கும் துணை சேரும் பருவம் தொடங்குகிறது. ஜனவரி, பிப்ரவரிப் பனியிலேயே முட்டையிடும். கட்டைக் குரல் ஆணுடையது. உருவத்தில் பெரிது பெண்.

ஆண் மானுக்கு அந்த மாதத்தில் புத்தி ஒரு நிலையில் இருப்பதில்லை என்பதற்குப் புறநகரில் சாட்சி தேட வேண்டியதில்லை. புல்வெளியில் அழகுக்கு வைத்த சிமென்ட் மான் சிலையை நிஜ மான் முட்டித் தள்ளியது பல ஊர்களில் நடந்திருக்கிறது. சிலையிடம் காதல் செய்யப் பார்த்ததும் நடந்திருக்கிறது. ஊஞ்சல் கயிறு, வலைத்தொட்டில், சீக்கிரமாகவே கட்டிவிட்ட கிறிஸ்துமஸ் சரவிளக்கு, எதுவும் கொம்பில் மாட்டும். சரவிளக்கை இழுத்துக்கொண்டு திரியும் மான் செய்தியில் வராத வருஷம் இல்லை. அக்டோபர் கடைசியிலிருந்து இவற்றைக் கழற்றி உள்ளே வைப்பது நல்லது. நியூயார்க் நகரம் 2016-ல் தன் தீவுப் பகுதியான ஸ்டேட்டன் ஐலண்டின் ஆண் மான்களைப் பிடித்துக் கருத்தடை அறுவை செய்ய ஆரம்பித்தது. அறுவைக்குப் பிறகும் ஆசை அப்படியேதான் இருக்கும். சினை பிடிக்காத பெண் மான் 28 நாளுக்கு ஒருமுறை மறுபடி பருவத்துக்கு வரும், ஓட்டமும் அத்தனை தடவை தொடரும் என்று அப்போதே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தத் திட்டத்தில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை, ஆனால் வேட்டைக்கு இடமில்லாத நகரம் வேறென்ன செய்யும் என்ற கேள்விக்கும் என்னிடம் பதிலில்லை.

ஏனென்றால் மான் அளவுக்கு மிஞ்சிவிட்டது. 1900 வாக்கில் வரைமுறையற்ற வேட்டையால் நாடு முழுவதும் சில லட்சம்தான் மிஞ்சியிருந்தன. சட்டவிரோதமாக வேட்டையாடியதை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்த லேசி சட்டம், மாநில வேட்டை விதிகள், 1937-ல் துப்பாக்கி, தோட்டா வரியை வனவிலங்குக்குத் திருப்பிய சட்டம் எல்லாம் சேர்ந்து அவற்றை மீட்டன. இன்று சுமார் 3 கோடி. எங்கள் கொல்லைக்கு அப்பாலுள்ள காட்டுக்குள் நடந்தால் இடுப்புயரத்துக்குக் கீழே பச்சையே கிடையாது. ஓக் கன்றுகள், ட்ரில்லியம் பூச்செடிகள் எல்லாம் மேய்ந்து தீர்ந்தாயிற்று. மானை ரசிக்கிறவன் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதனால்தான் தீனி போடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறேன். பல மாநிலங்களில் சட்டப்படியே தடை. குச்சியும் மொட்டும் செரிக்கப் பழகிய குளிர்கால வயிற்றில் திடீரென்று மக்காச்சோளத்தைக் கொட்டினால் அமிலம் ஏறி மான் செத்தே போகலாம். இன்னொன்று, 1967-ல் கொலராடோவில் முதலில் கண்ட, மானின் உடம்பை உருக்கிவிடும் நோய் (CWD). ப்ரியான் என்ற கெட்டுப்போன புரதத்தால் வருவது, எச்சில் வழியாகவும் மண் வழியாகவும் பரவும், வந்தால் பிழைக்காது. ஒரே தொட்டியில் நாலு வாய் வைப்பது அதற்கு வாசல் திறந்துவிடுவதுதான்.

பார்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஜன்னலுக்குப் பின்னால் விளக்கை அணைத்துவிட்டு நின்றால் போதும். வெளியே போவதானால் காற்று நம்மிடமிருந்து அவற்றின் பக்கம் வீசக் கூடாது. மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கல், நீலம் பளிச். வேட்டைக்காரரின் ஆரஞ்சுச் சட்டையைவிட உங்கள் நீல ஜீன்ஸ்தான் காட்டிக்கொடுக்கும். திரும்பி வந்ததும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இலையுதிர்காலத்தில்தான் வளர்ந்த மான் உண்ணிகள் சுறுசுறுப்பாகத் திரியும். அவை கடித்தால் மனிதருக்கு வரும் லைம் நோயின் கிருமியை உண்ணிக்கு ஏற்றிவிடுவது மான் அல்ல, பெரும்பாலும் வெள்ளைக்கால் சுண்டெலி. மான் அந்த உண்ணிக்குச் சாப்பாடும் சவாரியும் தருகிறது.

காரில் போகிறவர்களுக்கு இந்த மாதம்தான் ஆபத்து. நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும், வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் மான் நடமாடும் அந்திப்பொழுதும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு பெண் மான் சாலையைத் தாண்டி ஓடினால் அப்பாடா என்று காலை அழுத்தாதீர்கள். அவள் வந்த பக்கத்தைப் பாருங்கள். தரையில் மூக்கை வைத்துக்கொண்டு ஒருவன் பின்னால் வந்துகொண்டிருப்பான். அவனுக்கு முகப்பு விளக்கும் தெரியாது, ஹாரனும் கேட்காது.

டிசம்பர் பிறந்ததும் எல்லோரும் பைனாகுலரை உள்ளே வைத்துவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் வெளியிலேயே இருக்கட்டும். நவம்பரில் சினை பிடிக்காதவை மறுபடி பருவத்துக்கு வரும். அந்த வருஷம் பிறந்த பெண் குட்டிகளிலும் நன்றாகத் தின்று எடை ஏறியவை அப்போது முதல் முறையாகப் பருவத்துக்கு வரும். ஆண் மான்களுக்கு இடுப்பெலும்பு தெரியும், கழுத்து வற்றியிருக்கும், சிலவற்றுக்கு ஒரு பக்கத்துக் கொம்பு உதிர்ந்தே போயிருக்கும். ஒற்றைக் கொம்போடு, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி, இத்துனூண்டு பெண் மான் பின்னால் அது வேலியைச் சுற்றி ஓடுவதையும் பார்த்துவிடுங்கள்.